எஸ்டேட் ஊருக்குப் புதிதாக வரும் குடும்பம் காலூன்ற என்ன செய்யலாம்? கூடலூர், பந்தலூர் பக்கத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

கூடலூர், பந்தலூர் வட்டாரத்தில் "நான் பூர்வீகம்" என்று சொல்லும் உரிமை பணியர், குறும்பர், காட்டுநாயக்கர் போன்ற பழங்குடிகளுக்குத்தான் உண்டு. மற்றவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு காலத்தில் மூட்டையோடு வந்தவர்கள். 1877 வரை இந்தப் பக்கம் மலபாரைச் சேர்ந்த வயநாட்டின் ஒரு பகுதி, அதற்குப் பிறகுதான் நீலகிரி. கீழிருந்து மலையாளிகள் ஏறி வந்தார்கள், சமவெளியிலிருந்து தமிழர்கள் வந்தார்கள். 1964-இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்தவர்கள் மண்டபம் முகாம் வழியாக வந்து இங்கே இறங்கினார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கியது, அதுவே பின்னால் டேன்டீ, அதாவது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. இப்போது கொழுந்து பறிக்க ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள்.

வேலை கிடைத்துவிட்டால் குடியேறிவிட்டார்கள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படியில்லை. புதிதாக வந்த குடும்பத்துக்கு வேலை, வீடு, முன்பணம், ஆஸ்பத்திரிக்கு வண்டி, பேச்சுக்குத் துணை எல்லாமே ஒரே ஆளிடமிருந்து வருகின்றன. அவர் அழைத்து வந்த ஏஜென்டாகவோ மேஸ்திரியாகவோ இருப்பார். நல்லவராகவே இருக்கட்டும், அவர் முகம் சுளித்தால் குடும்பம் தெருவுக்கு வந்துவிடும். ஆகவே உதவி என்பது அந்த ஒருவருக்குப் பதிலாக நாம் போய் உட்கார்வதல்ல. ரேஷன் கடைக்காரர், அங்கன்வாடி டீச்சர், தபால்காரர், பக்கத்து வீட்டு அக்கா என்று அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்தவர்கள் பத்துப் பேராக வேண்டும். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அதற்குத்தான்.

முதலில்: வந்திருப்பவர்கள் எந்த வகை?

இதைத் தெரிந்துகொள்ளாமல் எந்த விண்ணப்பத்தையும் தொடாதீர்கள். ஜார்க்கண்டோ அசாமோ ஒடிசாவோ, அங்கிருந்து வந்தவர்கள் இந்தியக் குடிமக்கள். உங்களுக்கு இருக்கும் அத்தனை உரிமையும் அவர்களுக்கும் உண்டு, காகிதங்கள் வேறு மாநிலத்தில் இருப்பதுதான் சிக்கல். 1964 ஒப்பந்தப்படி வந்த தாயகம் திரும்பியோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் குடிமக்களே.

1983-க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்த இலங்கைத் தமிழர்களின் நிலை வேறு. முகாம்களுக்கு 2021-இல் மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாறியது, ஆனால் பெயர் மாறியதால் குடியுரிமை வந்துவிடவில்லை. அகதிகளுக்கான 1951 உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அவர்கள் நிலையை அவ்வப்போது வரும் அரசாணைகளே தீர்மானிக்கின்றன. முகாம் குடும்பத்துக்கு எதைச் செய்வதானாலும் முகாமைக் கவனிக்கும் வருவாய்த் துறை அலுவலரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். குறிப்பாக, நல்லது செய்வதாக நினைத்து யாரும் அவர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட வேண்டாம். குடிமகன் என்று பொய் உறுதி கொடுத்த குற்றம் அவர்கள் தலையில்தான் விழும், எழுதிக் கொடுத்தவர் வீட்டில் நிம்மதியாகத் தூங்குவார். நேபாளத்திலிருந்து வந்து வேலை செய்பவர்களும் உண்டு. 1950 ஒப்பந்தப்படி அவர்கள் இங்கே தங்கலாம், உழைக்கலாம், ஆனால் ஓட்டு கிடையாது.

இனி வரும் பெரும்பகுதி, வேறு மாநிலத்திலிருந்து வந்த குடும்பங்களைப் பற்றியது. எண்ணிக்கையில் அவர்கள்தான் இப்போது அதிகம், கேட்பாரில்லாமல் இருப்பதும் அவர்கள்தான்.

முதல் வாரம்: யானையும் குளிரும்

திட்டங்கள் பிறகு. வந்த அன்றோ மறுநாளோ ஒருவர் போய் யானைத் தடத்தைக் காட்ட வேண்டும். ஜார்க்கண்டுக்காரர்களுக்கு யானை புதிதல்ல, இந்த ஊர் யானை எந்தப் பாதையில் வரும் என்பதுதான் தெரியாது. எந்தக் குறுக்குப் பாதையில் இருட்டிய பிறகு போகக்கூடாது, பலா பழுக்கும் காலத்தில் எந்த லைன் (எஸ்டேட்டின் வரிசை வீடுகள்) பக்கம் வரும், விடியற்காலையில் வெளியே போக எந்த இடம் ஆபத்து, வனத்துறை ஆளின் எண் எது என்பதையெல்லாம் நடந்து காட்டுங்கள். வாயால் சொன்னால் போதாது.

அதே நடையில் இன்னும் இரண்டு விஷயம் சொல்லிவிட வேண்டும், சங்கடமாக இருந்தாலும். அவர்கள் ஊரில் அரிசியை ஊறப்போட்டுக் காய்ச்சும் ஹண்டியா என்ற பானம் வீட்டுக்கு வீடு உண்டு, சடங்குக்கும் வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டில் மது காய்ச்சினால் வழக்கு. பக்கத்தில் முதுமலை புலிகள் காப்பகம் இருக்கிறது, காட்டுப்பன்றிக்கோ முயலுக்கோ கண்ணி வைத்தால் 1972 வனவிலங்குச் சட்டத்தில் உள்ளே போக வேண்டியதுதான். இதை முதல் வாரத்தில் நண்பர் சொன்னால் அறிவுரை. மூன்றாம் மாதம் காவலர் வந்து சொன்னால் ஜாமீனுக்கு அலைச்சல்.

குளிருக்குக் கம்பளி கொடுங்கள். கொடுக்கும்போது போட்டோ எடுக்காதீர்கள். வரிசையில் நிற்கவைத்து எடுத்த படத்தை அவர்கள் மறக்கமாட்டார்கள், கம்பளி கிழிந்த பிறகும்.

காகிதம்: சிம் கார்டிலிருந்து தொடங்குங்கள்

பலரும் ஆதார் முகவரி மாற்றத்திலிருந்து தொடங்கி மாட்டிக்கொள்கிறார்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஆதாரில் இணைத்திருக்கும் கைபேசி எண் யாருடையது? பல சமயம் அது ஏஜென்டுடையது, அல்லது எப்போதோ ரீசார்ஜ் செய்யாமல் செத்துப்போன எண். ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் போகும். அந்த ஓடிபி இல்லாமல் ஆன்லைனில் எதுவும் நகராது.

ஆகவே வரிசை இது. குடும்பத்தில் ஒருவர் பெயரில் சொந்த சிம். அடுத்து ஆதார் மையத்திலோ தபால்காரர் மூலமாகவோ அந்த எண்ணை ஆதாரில் இணைப்பது. அப்புறம் தபால் வங்கியிலோ பக்கத்து வங்கியிலோ சொந்தக் கணக்கு, கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று. அதற்குப் பிறகுதான் முகவரி. வாடகை ஒப்பந்தமோ மின் ரசீதோ கையில் இல்லாதவர்களுக்கு ஆதாருக்கென்றே உள்ள சான்றிதழ்ப் படிவம் இருக்கிறது. அதில் அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியோ கிராமப்புறமானால் ஊராட்சித் தலைவரோ கையெழுத்துப் போடலாம்.

அசல் ஆதார் அட்டையை ஏஜென்ட் வாங்கி வைத்திருக்கிறார் என்றால் அதற்காக முதல் நாளே சண்டைக்குப் போகாதீர்கள். எண் இணைந்துவிட்டால் இணையத்திலிருந்து இறக்கி அச்செடுத்த ஆதாரும் அசலுக்குச் சமம். அவர் பெட்டியில் இருப்பது வெறும் அட்டையாகிவிடும். அந்த மாற்றத்தை அவரே புரிந்துகொள்வார்.

இ-ஷ்ரம் பதிவையும் அதோடு முடித்துவிடலாம், 16 முதல் 59 வயது வரை உள்ள அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு. எஸ்டேட் செக்ரோலில் (வருகை, கூலிப் பதிவேடு) பெயர் ஏறி பி.எஃப். பிடித்தம் நடப்பவர்களுக்கு இ-ஷ்ரம் வேண்டியதில்லை, அவர்களுக்கு முக்கியம் யு.ஏ.என். என்ற, வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்தான். இதற்கு முன் வேறு எஸ்டேட்டில் வேலை செய்திருந்தால் பழைய எண்ணையே இங்கும் கொடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு இடத்திலும் புது எண் வாங்கி, பழைய பணத்தை அப்படியே விட்டுவிட்டு வந்தவர்கள் ஏராளம்.

ஒரு ஏமாற்றத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஜார்க்கண்டில் உராவ், முண்டா, சந்தால் மக்கள் பழங்குடிப் பட்டியலில் உள்ளவர்கள். அந்தச் சான்றிதழ் தமிழ்நாட்டில் இடஒதுக்கீட்டுக்குச் செல்லாது, ஏனென்றால் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. மத்திய அரசு வேலைக்கும் சொந்த மாநிலத்துக்கும் அது செல்லும், ஆகவே பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அசாமிலிருந்து வரும் தேயிலைத் தோட்டப் பழங்குடியினருக்கு அசாமிலேயே அந்தப் பட்டியலில் இடமில்லை. இது தெரியாமல் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலையவிட்டால் ஒரு நாள் கூலி போனதுதான் மிச்சம்.

ரேஷன்: பழைய அட்டையை அவசரப்பட்டு ஒப்படைக்காதீர்கள்

ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டம் தமிழ்நாட்டில் 2020 அக்டோபரிலிருந்து இருக்கிறது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்ட அட்டை வைத்திருக்கும் குடும்பம் அட்டை எண்ணையோ ஆதாரையோ சொல்லி, கைரேகை வைத்து, எந்தக் கடையிலும் தானியம் வாங்கலாம். முன்னுரிமை அட்டைக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ, அந்தியோதயா அட்டைக்குக் குடும்பத்துக்கு 35 கிலோ. பாட்டியும் தாத்தாவும் ஊரிலேயே இருந்தால் அவர்கள் பங்கை அங்கேயும் இவர்கள் பங்கை இங்கேயும் பிரித்து வாங்கலாம். இது பலருக்குத் தெரியாது.

நடைமுறையில் இடறுவது கைரேகையில். கொழுந்து பறிக்கிறவர்கள் விரலில் கறை ஏறி, ரேகை தேய்ந்திருக்கும். கருவிழிப் பதிவுக் கருவி இருந்தால் அதைக் கேளுங்கள். இல்லாவிட்டால் வேலைக்குப் போகாத, ரேகை நன்றாக விழும் உறுப்பினரை அனுப்பச் சொல்லுங்கள். முதல் முறை நீங்களும் கூடப் போங்கள். கடைக்காரரிடம் சட்டம் பேசாமல், "அண்ணா, இவங்க நம்ம லைன்ல இருக்காங்க, ஒரு தடவை போட்டுப் பாருங்க" என்றால் போதும். இரண்டாம் மாதம் போகாதீர்கள்.

தமிழ்நாட்டு அட்டை வாங்க வேண்டுமானால் பழைய மாநில அட்டையிலிருந்து பெயரை நீக்க வேண்டும். தமிழ்நாட்டு அட்டையில் பருப்பு, பாமாயில், மற்ற மாநிலத் திட்டங்கள் எல்லாம் வரும். ஆனாலும் குடும்பம் நிலையாக இங்கே இருப்பது என்று தீர்மானித்த பிறகுதான் அதைச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. ஒரு வருடமாவது பார்க்கட்டும். அங்கே பெயர் நீங்கி, இங்கே வேலை நிலைக்காமல் போனால் இரண்டும் கெட்டுவிடும்.

பள்ளி: பத்து வயது அக்காவைச் சேர்க்க, இரண்டு வயதுத் தம்பியைக் கவனியுங்கள்

2009 கல்வி உரிமைச் சட்டப்படி வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தையையும் திருப்பி அனுப்பக்கூடாது. வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், விட்டுப்போன பாடத்துக்குத் தனிப்பயிற்சி தர வேண்டும். டி.சி. தாமதமாகிறது என்பதும் காரணமாகாது. தலைமையாசிரியர் தயங்கினால் வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அதுவரை போக வேண்டியிருக்காது. மாணவர் எண்ணிக்கை குறைந்து மூடும் நிலையில் இருக்கும் எஸ்டேட் பள்ளிகள் இந்தப் பிள்ளைகளுக்காகத்தான் காத்திருக்கின்றன.

சேர்ப்பது சுலபம், தொடர்ந்து வரவைப்பதுதான் கஷ்டம். அம்மாவும் அப்பாவும் காலையில் மலைக்குப் போய்விட்டால் கைக்குழந்தையைப் பார்ப்பது யார்? பத்து வயது அக்கா. அவளைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லி அம்மாவிடம் எத்தனை பேசினாலும் பயனில்லை. சின்னவனை அங்கன்வாடியிலோ எஸ்டேட் பிள்ளைக்காப்பகத்திலோ விட்டால் அவள் தானாகப் பள்ளிக்கு வந்துவிடுவாள். பெரிய எஸ்டேட் பிள்ளைக்காப்பகம் நடத்த வேண்டும் என்பது 1951 தோட்டத் தொழிலாளர் சட்டக் காலத்திலிருந்து இருக்கும் கடமை. அது திறந்திருக்கிறதா, அங்கே இருக்கும் ஆயா இந்தக் குழந்தைகளையும் எடுத்துக்கொள்கிறாரா என்று நேரில் போய்ப் பாருங்கள். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் நடக்கிறது. விடியலில் வேலைக்குப் போகும் வீட்டுக்கு அது பெரிய ஆறுதல், அதை அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளைப் பற்றிக் கவலை வேண்டாம், விளையாட்டிலேயே தமிழ் வந்துவிடும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் வருபவர்கள்தான் தடுமாறுவார்கள். அவர்களுக்கு மாலையில் தினம் ஒரு மணி நேரம் ஒரு கல்லூரி மாணவியோ ஓய்வுபெற்ற ஆசிரியரோ உட்கார்ந்தால் போதும். வாரம் ஒரு நாள் மூன்று மணி நேரம் என்று வைத்தால் ஒட்டாது.

பள்ளி தூரமாகவும் பாதை காட்டு வழியாகவும் இருந்தால், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் போக்குவரத்துக்கும் வழித்துணைக்கும் படி உண்டு. பள்ளி மூலமாகக் கேளுங்கள்.

உடம்பு

கிராம சுகாதார செவிலியரை அந்தக் குடும்பத்துக்கு அறிமுகம் செய்துவைத்தால் இந்தப் பகுதியில் பாதி முடிந்தது. கர்ப்பிணி இருந்தால் உடனே பதிவு செய்து பிக்மி எண் வாங்க வேண்டும், அது இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் இழுபறியாகும். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. அந்தக் குழந்தைக்குத் தமிழ்நாட்டில் கிடைக்கும் முதல் காகிதம் அது, பின்னால் எல்லாவற்றுக்கும் அதுதான் ஆதாரம்.

காசநோய்க்கு மருந்து சாப்பிட்டுக்கொண்டே வருகிறவர்கள் உண்டு, வெட்கத்தில் சொல்லமாட்டார்கள். ஊர் மாறினால் மருந்தை நிறுத்த வேண்டியதில்லை, நிக்ஷய் எண்ணை (காசநோயாளிக்கான பதிவு எண்) காட்டினால் நாட்டின் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தொடரலாம். அரிவாள் அணுச் சோகை நம் பழங்குடிகளிடமும் இருக்கிறது, ஜார்க்கண்ட் பழங்குடிகளிடமும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு அடிக்கடி மூட்டுவலி, சோர்வு என்றால் அந்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்யுங்கள். 108 (ஆம்புலன்ஸ்), 1098 (குழந்தைகள் உதவி), 181 (பெண்கள் உதவி) ஆகிய எண்களைக் கைபேசியில் பதிந்து கொடுப்பதோடு, தங்கள் லைன் இருக்கும் இடத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று இரண்டு வாக்கியம் மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். ஆம்புலன்ஸ் வருகிறவருக்கு "டிவிஷன் 3, பழைய பேக்டரி பக்கம்" என்றால்தான் தெரியும்.

வீடு: இதுதான் கடைசி வரை நிற்கும் பிரச்சினை

லைன் வீடு வேலையோடு கட்டிப்போட்ட வீடு. வேலை போனால் வீடு போகும். இதை நம் ஊரைவிட நன்றாக அறிந்த ஊர் இல்லை. தாயகம் திரும்பியவர்களுக்கு வேலையும் வீடும் ஒரே நிறுவனத்திடமிருந்து வந்தது. டேன்டீ நட்டத்தில் விழுந்து, 2022-இல் தோட்டத்தின் ஒரு பகுதியை வனத்துறையிடம் ஒப்படைக்க ஆணை வந்தபோது, இரண்டு தலைமுறை உழைத்தவர்களுக்கும் ஓய்வு பெற்றவர்களுக்கும் "நாங்கள் எங்கே போவது" என்ற கேள்வி வந்தது. நாற்பது, ஐம்பது வருடம் ஆகியும் அவர்கள் காலுக்குக் கீழே சொந்த மண் இல்லை. இன்று வரும் ஜார்க்கண்ட் குடும்பத்துக்கும் அதே ஏற்பாட்டைத்தான் நாம் செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எனவே முதல் வருடம் லைன் வீடு சரி. இரண்டாம் வருடத்திலிருந்து வெளியே வாடகை வீடு பார்க்கத் தொடங்கலாம், அதுவும் இரண்டு பேர் சம்பாதிக்கும் குடும்பமாக இருந்தால். இங்கே ஒரு சிக்கல். கூடலூர் ஜன்மம் நிலச் சட்டம் 1969, பிரிவு 17-இல் வரும் நிலங்களில் உள்ள பல வீடுகளுக்குப் பட்டா இல்லை, மின் இணைப்பும் இல்லை. வாடகை மலிவாக இருக்கும், முகவரிச் சான்றுக்கு உதவாது, மண்ணெண்ணெய் விளக்கில் பிள்ளை படிக்க வேண்டும். ஏறக்குறைய அதே வாடகையில் மின் இணைப்புள்ள சிறிய வீடு கிடைத்தால் அதை எடுக்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்காரருக்கு அறிமுகம் செய்து வையுங்கள், ஆனால் உங்கள் பெயரில் ஒப்பந்தம் போடாதீர்கள். ஒப்பந்தம் குடும்பத்தின் பெயரில் இருந்தால்தான் அது அவர்களுக்கு முகவரியாகும். வாடகைக்கு இருப்பவர் விவரத்தை வீட்டுக்காரர் காவல் நிலையத்தில் கொடுத்துவிடட்டும். கொடுக்கும்போது குடும்பத் தலைவரும் கூடப் போனால், பின்னால் ஏதாவது ஒன்று என்றால் அவருக்கு அந்தப் படியேறத் தயக்கம் இருக்காது.

பேச்சும் ஊரும்

அவர்கள் எல்லாருக்கும் இந்தி தெரியும் என்று நினைத்து இந்தி தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடிக்கிறோம். வீட்டில் பேசுவது குடுக்காகவோ முண்டாரியாகவோ இருக்கலாம், பொதுவாகச் சாத்ரி பேசுவார்கள். பெண்கள் பலருக்கு இந்தி அரைகுறைதான். சில வருடம் முன்பே வந்து தமிழ் பேசப் பழகிய ஒரு சாத்ரிப் பெண்ணைக் கண்டுபிடியுங்கள். ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கும் அவரே சிறந்த துணை. அன்றைக்கு அவர் இழக்கும் கூலியைக் கொடுத்துவிடுங்கள், ஓசியில் ஓட்டாதீர்கள்.

மளிகைக் கடைக்காரரிடம் கடுகு எண்ணெயும், வறுத்த கடலையை அரைத்து அவர்கள் சாப்பிடும் "சத்து" என்ற மாவும் கொஞ்சம் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். விற்கும் என்று தெரிந்தால் அவரே நாலு வார்த்தை சாத்ரி கற்றுக்கொள்வார். ஞாயிறு ஜெபத்துக்கு வருகிறவர்கள் பலர், தேவாலயம் அவர்களுக்குச் சுலபமான வாசல். இயற்கையை வணங்கும் சர்னா வழிபாடு உள்ளவர்களுக்கு அது வாசலல்ல, அவர்களை அங்கே இழுக்காதீர்கள். அவர்களுடைய கரம் பண்டிகைக்கு ஆட ஒரு மைதானமும் பேசிவைத்த நேரமும் கிடைத்தால் போதும், மேளச் சத்தத்தில் ஊரே தானாக எட்டிப் பார்க்கும்.

வதந்திக்கு ஒரு ஏற்பாடு முன்கூட்டியே இருக்கட்டும். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே நேரில் வந்து பார்க்க வேண்டியதாயிற்று. அப்படி ஒன்று திரும்ப வந்தால் அவர்கள் யாரிடம் கேட்பார்கள்? ஊரில் நம்பும் ஒருவரின் எண் கையில் இருந்தால் அவரைக் கேட்பார்கள். இல்லாவிட்டால் ராத்திரியோடு ராத்திரியாக ரயில் ஏறிவிடுவார்கள். நம் பக்கத்துப் பொய்க்கும் இது பொருந்தும். லைனில் கோழி காணாமல் போனால் முதல் சந்தேகம் யார் மீது விழுகிறது என்று உங்களுக்கே தெரியும். அந்த நேரத்தில் ஊர்க்கூட்டத்தில் எழுந்து பேசக்கூடியவர் ஒருவராவது வேண்டும்.

எல்லை தாண்டும்போது

காப்பி, மிளகுப் பருவத்தில் குடும்பம் வயநாட்டுக்குப் போய்விடும். ரேஷன் அங்கேயும் கிடைக்கும், கேரளமும் அதே திட்டத்தில்தான் இருக்கிறது. அதிதி என்ற பெயரில் கேரளத் தொழிலாளர் துறையின் பதிவு உண்டு, ஆவாஸ் என்ற மருத்துவக் காப்பீடு 2017-இலிருந்து இருக்கிறது. போய் இறங்கியதும் இரண்டிலும் பதிந்துகொள்ளச் சொல்லுங்கள். பிள்ளையின் படிப்புக்கு மட்டும் மாற்றுவழி கண்டுபிடியுங்கள். பருவம் முடியும்வரை சித்தியிடமோ அரசு விடுதியிலோ தங்கி இங்கேயே படித்தால் ஒரு வருடம் வீணாகாது.

ஊரைவிட்டே கிளம்பினால்

சிலர் இரண்டு வருடத்தில் போய்விடுவார்கள். கோயம்புத்தூரில் கூலி அதிகம், ஊரில் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, எத்தனையோ காரணம். மனத்தாங்கல் வேண்டாம். டி.சி., தடுப்பூசி அட்டை, பிறப்புச் சான்றிதழ், பி.எஃப். எண், காசநோய் மருந்துச் சீட்டு இவை ஐந்தையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அந்த வீட்டுப் பெண்ணின் கையில் கொடுங்கள், ஏஜென்டின் பையில் வேண்டாம். பாக்கிச் சம்பளமும் போனஸும் செக்ரோலில் கணக்காகிவிட்டதா என்று கிளம்புவதற்கு முந்தின வாரமே எஸ்டேட் ஆபீசில் கேட்டுவிடுங்கள். ரயில் ஏறிய பிறகு கேட்டால் பதில் வராது.